பனி விழுவதற்கு முன்பே சாலைக்கு உப்புநீர்: அந்த லாரி என்ன செய்கிறது?

குளிர்நாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழிப்பவர்களைக் குழப்பும் காட்சி ஒன்று உண்டு. வானம் தெளிவாக இருக்கும். சாலை காய்ந்து கிடக்கும். பனி இன்னும் விழவே தொடங்கியிருக்காது. அப்போது முதுகில் பெரிய தொட்டியைச் சுமந்துகொண்டு ஒரு லாரி போகும். பின்னால் குறுக்காகப் பொருத்திய குழாயின் துளைகளிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ பீய்ச்சிக்கொண்டே போகும். லாரி கடந்ததும் சாலையில் ஒரே இடைவெளியில் நீளநீளமாக ஈரக் கோடுகள். கொஞ்ச நேரத்தில் அவை காய்ந்து வெள்ளைக் கோடுகளாகிவிடும். உறைகிற குளிரில் போய்ச் சாலையை நனைக்கிறார்களே, புத்தி கெட்டுப்போய்விட்டதா என்றுதான் முதலில் தோன்றும்.

அது வெறும் தண்ணீர் இல்லை, உப்புநீர். சாலையில் ஐஸ் பிடிக்காமல் இருக்க முன்கூட்டியே போட்டுவைக்கும் காப்பு. உப்பு பனியை உருக்கும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் இந்த லாரியின் வேலை பனியை உருக்குவது இல்லை. அது புரிந்துவிட்டால், ஏன் பனிக்கு முன்பே தெளிக்கிறார்கள், ஏன் கோடு கோடாகத் தெளிக்கிறார்கள், சில நாட்களில் ஏன் லாரியையே வெளியே எடுப்பதில்லை என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, காலையில் கண்ணை மறைப்பதும் பனி, மலையுச்சியில் வெள்ளையாகக் கிடப்பதும் பனி. இந்தக் கட்டுரையில் வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவதை மட்டும் பனி என்கிறேன். தரையோடு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதை ஐஸ் என்கிறேன். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த தரையில் நேரடியாக வெண்பொடியாகப் படிந்தால் அது உறைபனி.

ஆபத்து எங்கே இருக்கிறது?

சாலைமேல் உதிரியாகக் கிடக்கும் பனி அவ்வளவு பெரிய எதிரி இல்லை. முன்னால் பெரிய இரும்புத் தகடு மாட்டிய லாரி வந்து ஓரமாக வழித்துத் தள்ளிவிடும். சிக்கல் அடியில்தான். முதலில் விழும் பனி லேசாக உருகித் தாரின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்குகிறது. மேலே வண்டிகள் ஏறி அதை அமுக்குகின்றன. பிறகு குளிர் கூடும்போது அது அங்கேயே உறைந்து, தாரும் ஐஸும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு இரும்புத் தகடு வந்தாலும் மேலே இருப்பதைத்தான் வழிக்கும். அடியில் ஒட்டிய படலம் அப்படியே நிற்கும். டயர் வழுக்குவது அந்தப் படலத்தில்தான்.

கான்கிரீட் போடுவதற்கு முன் சென்ட்ரிங் பலகையில் எண்ணெய் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட்டைக் கரைப்பதற்காக யாரும் எண்ணெய் பூசுவதில்லை. பிறகு பலகையைக் கழற்றும்போது ஒட்டாமல் வரவேண்டும், அவ்வளவுதான். உப்புநீரும் அதே வேலையைத்தான் செய்கிறது. தாருக்கும் பனிக்கும் நடுவே உறையாத ஒரு ஈரப் படலமாக நின்று, இரண்டையும் சேரவிடாமல் பார்த்துக்கொள்கிறது. மேலே விழும் பனியை அப்புறம் லாரி வழித்துக்கொள்ளும்.

ஒட்டிய பிறகு பிரிப்பதற்கு, ஒட்டாமல் தடுப்பதைப் போலப் பல மடங்கு உப்பு தேவைப்படும். அதனால்தான் பனிக்கு முன்பே கிளம்புகிறார்கள்.

உப்பு ஏன் உறையவிடுவதில்லை?

சுத்தமான நீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அந்த வெப்பநிலையில் ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. ஐஸிலிருந்து சில மூலக்கூறுகள் பிரிந்து நீருக்கு வருகின்றன. நீரிலிருந்து சில போய் ஐஸில் அடுக்கிக்கொள்கின்றன. இரண்டும் சமமாக நடக்கும் புள்ளிதான் 0 டிகிரி. உப்பு நீரில் கரைந்ததும் சோடியம், குளோரைடு என்ற இரண்டு அயனிகளாகப் பிரிந்து நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே நின்றுகொள்கிறது. இதனால் நீரிலிருந்து ஐஸுக்குப் போகும் கூட்டம் குறைகிறது. ஐஸிலிருந்து நீருக்கு வருவது மட்டும் குறையவில்லை. தராசு நீர்ப் பக்கம் சாய்கிறது. மறுபடி சமநிலை வர, இன்னும் குளிர வேண்டும். அதாவது உறைநிலை கீழே இறங்கிவிடுகிறது.

எவ்வளவு இறங்கும் என்பது எவ்வளவு உப்பு என்பதைப் பொறுத்தது. எடையில் 5 சதவீதம் உப்பு இருந்தால் ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி. 10 சதவீதம் என்றால் மைனஸ் 6.5 அளவில். 23.3 சதவீதத்தில் மைனஸ் 21 டிகிரி.

சரி, இன்னும் உப்பைக் கொட்டினால் இன்னும் இறங்குமா? இறங்காது. 23.3-ஐத் தாண்டினால் போக்கு திரும்பிவிடுகிறது. கரைசலில் இடமில்லாத உப்பு, குளிரில் நீரையும் பிடித்துக்கொண்டு படிகமாக வெளியே வரத் தொடங்கும். அந்தப் படிகங்கள் குழாயை அடைக்கும், துளைகளை அடைக்கும். அதனால் வட அமெரிக்காவில் சாலைக்கு உப்புநீர் தயாரிக்கும் இடங்களில் எல்லாம் இந்த 23.3 என்ற எண் மந்திரம் மாதிரி. தயாரிப்பும் எளிதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 300 கிராம் உப்பு. உப்பு நிரப்பிய பெரிய கலனுக்குள் தண்ணீரைச் செலுத்தி, வழிந்து வரும் கரைசலைத் தொட்டியில் பிடிக்கிறார்கள். செறிவு சரியா என்று மிதவைக் கருவியால் அடர்த்தியை அளந்து பார்க்கிறார்கள். ஒரு லிட்டர் கரைசல் 1.18 கிலோ அளவில் இருந்தால் சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. மைனஸ் 21 வரை உறையாது என்றால், மைனஸ் 20-இலும் சாலையில் தெளிக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. தொட்டியில் இருக்கும்வரைதான் அது 23.3 சதவீதம். சாலையில் விழுந்து பனியோடு கலந்த நொடியிலிருந்து நீர்த்துக்கொண்டே போகிறது. நீர்க்க நீர்க்க உறைநிலை மேலே ஏறுகிறது. குளிர் கூடினால் உப்பின் திறனும் வேகமாகச் சரிகிறது. மைனஸ் 1 டிகிரியில் ஒரு கிலோ உப்பு 45 கிலோவுக்கு மேல் ஐஸை உருக்கக்கூடியது. மைனஸ் 9-இல் அதே ஒரு கிலோ 6 கிலோ அளவில்தான் உருக்கும். அதுவும் மெதுவாக. சாதாரண உப்பை நம்பிச் சாலை வேலை செய்பவர்கள் மைனஸ் 9 வாக்கில் தயங்கத் தொடங்குவது இதனால்தான்.

கல்லுப்பையே தூவினால் என்ன?

தூவுகிறார்கள். பல காலமாக அதுதான் வழக்கம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷர் மாநிலம் 1938-இல் சாலைகளில் உப்பைச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அந்நாட்டு நெடுஞ்சாலைகள் முழுவதற்கும் சேர்த்தே 5,000 டன் உப்புதான் செலவானது. இப்போது ஆண்டுக்கு 2 கோடி டன் போல அங்கே சாலையில் கொட்டப்படுகிறது. பனிக்கு முன்பே உப்புநீர் தெளிக்கும் முறை அங்கே பரவலாகச் சோதிக்கப்பட்டது 1990-களில்தான்.

கல்லுப்பில் இரண்டு குறைகள். ஒன்று, உலர்ந்த உப்பு எதையும் செய்யாது. அது கரைந்தால்தான் வேலை. கரைய ஈரம் வேண்டும், நேரமும் வேண்டும். நல்ல குளிரில் ஈரமே கிடைக்காமல் உப்புக்கல் பாட்டுக்குச் சாலையில் கிடக்கும். உப்புநீர் ஏற்கெனவே கரைந்தே வருவதால் விழுந்த கணத்திலிருந்து வேலை செய்கிறது.

இரண்டாவது குறை இன்னும் எளிமையானது: கல் துள்ளும். ஓடும் லாரியிலிருந்து விழும் உப்புக்கல் தாரில் பட்டுத் தெறித்து ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுகிறது. மிச்சத்தை அடுத்து வரும் வண்டிகளின் காற்று தள்ளிவிடுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செய்த ஒரு சோதனையில், உலர்ந்த உப்பில் 30 சதவீதம் சாலையை விட்டே போய்விட்டது. தூவும்போதே உப்பை நனைத்தபோது இழப்பு 4 சதவீதமாகக் குறைந்தது. இந்த நடுவழி முறையும் இன்று பரவலாக இருக்கிறது. ஜெர்மனியில் 70 பங்கு கல்லுப்போடு 30 பங்கு உப்புக்கரைசல் சேர்த்துத் தூவுவதை எஃப்.எஸ். 30 என்கிறார்கள்; எஃப்.எஸ். என்பது ஈர உப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம். வெறும் கரைசலை மட்டும் தெளித்தால் எஃப்.எஸ். 100.

ஆனால் கல்லுப்பு ஒரு விஷயத்தில் உப்புநீரைவிடக் கெட்டிக்காரன். ஏற்கெனவே தடியாக ஐஸ் பிடித்த சாலையில் உப்புநீரைத் தெளித்தால் அது மேலே பரவி, நீர்த்து, மறுபடி உறைந்து இன்னும் வழுக்கும். உப்புக்கல் அப்படியில்லை. விழுந்த இடத்தில் ஐஸைத் துளைத்துக்கொண்டு தார்வரை இறங்கி, அங்கே பக்கவாட்டில் பரவி, ஐஸை அடியிலிருந்து கிளப்பிவிடும். பிறகு இரும்புத் தகடு வந்தால் பாளம் பாளமாகப் பெயர்த்து எடுக்கும். ஆகவே ஒன்று வந்ததால் மற்றொன்று ஒழியவில்லை. வருமுன் உப்புநீர், வந்தபின் கல்லுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு

உப்புநீர் பனியை உருக்குவதற்காக அல்ல என்று சொன்னேன். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு தடத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 100 லிட்டர் தெளிப்பது வழக்கமான அளவு. தடத்தின் அகலம் 3.6 மீட்டர் என்று வைத்தால், பரப்பு 3,600 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 28 மில்லிலிட்டர்தான் விழுகிறது. அதில் உள்ள உப்பு எட்டு கிராமுக்கும் குறைவு. இரண்டு டீஸ்பூன்கூட வராது.

சாலை மைனஸ் 5 டிகிரியில் இருந்தால், அந்த எட்டு கிராம் உப்பு இன்னும் 65 கிராம் ஐஸை உருக்கிய பிறகு ஓய்ந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் 65 கிராம் என்பது 0.07 மில்லிமீட்டர்கூட வராத நீர்ப்படலம். உதிரிப் பனியாகப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து சென்டிமீட்டர் பனி விழப்போகிறது என்றால் இது எந்த மூலைக்கு?

அடி மூலைக்கு! அந்த ஒரு மயிரிழைப் படலம் தாரை ஒட்டி உறையாமல் நின்றால் போதும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது. சாலையில் உப்புநீர் தெளித்துவிட்டார்கள், இனி பனி பிடிக்காது என்று நம்பி வேகமாக ஓட்டுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். வெறும் உறைபனி மட்டும் வரும் இரவாக இருந்தால் கதை வேறு. அந்த மெல்லிய பொடிக்கு இந்த அளவே தாராளம். உப்புநீர் முழு வெற்றி பெறுவது அத்தகைய இரவுகளில்தான்.

லாரிக்குள்ளே

லாரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொட்டி, மோட்டார், குழாய், துளைகள். உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் தொட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலோ ஃபைபரிலோ இருக்கும். உள்ளே தடுப்புகள் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது பல டன் திரவம் முன்னால் பாய்ந்து வண்டியை இழுத்துவிடும். 4,000 லிட்டர் தொட்டியை மேலே சொன்ன கணக்கில் தெளித்தால் ஒரு தடத்தில் 40 கிலோமீட்டர் வரும்.

முக்கியமானது கட்டுப்பாட்டுக் கருவி. லாரியின் வேகத்தை அளந்து, வேகம் கூடினால் மோட்டாரை முடுக்கி, குறைந்தால் தணித்து, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரே அளவு விழும்படி பார்த்துக்கொள்ளும். சிக்னலில் நின்றால் தெளிப்பும் நின்றுவிடும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இடத் தடம், வலத் தடம் என்று தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் முடியும்.

அப்புறம் அந்தக் கோடுகள். பூவாளி மாதிரி எங்கும் சீராகத் தெளித்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நுண்துளிகளாகத் தெளித்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். முழுச் சாலையும் ஒரே நேரத்தில் நனைந்தால் பிடிமானமும் குறையும். அதனால் கெட்டியான தாரைகளாக விட்டு, நடுவே காய்ந்த பட்டைகளை விட்டுவைக்கிறார்கள். டயருக்குப் பிடி கிடைக்கிறது. வண்டிகள் ஓட ஓடக் கரைசல் தானே பக்கத்தில் பரவிக்கொள்கிறது. காய்ந்துபோனாலும் பாதகமில்லை. உப்பு தாரின் துளைகளுக்குள் படிந்து காத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். முதல் பனி தொட்டதும் மறுபடி கரைசலாகிவிடும். மழை கழுவாவிட்டால் ஓரிரு நாள் முன்னதாகத் தெளித்து வைத்தாலும் வேலை செய்யும்.

எப்போது தெளிக்கக் கூடாது?

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது. தெளிக்க யாராலும் முடியும். பனிக்கு முன் மழை பெய்யும் என்றால் தெளிப்பது வீண். எல்லாம் கழுவிப் போய்விடும். தரையில் பட்டதும் உறைந்துவிடும் உறைமழையும் அப்படித்தான்: விழும் நீர் கரைசலைச் சட்டென்று நீர்க்கச் செய்துவிடும். பலத்த காற்றில் உலர்ந்த பொடிப்பனி பறக்கும் நாளில் காய்ந்த சாலைமேல் அது நிற்காமல் ஓடிவிடும். அங்கே போய் உப்புநீரைத் தெளித்தால், பறந்துபோக வேண்டிய பனி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சும்மா இருந்திருந்தாலே சாலை சுத்தமாக இருந்திருக்கும்.

பார்க்க வேண்டியது காற்றின் வெப்பநிலையும் அல்ல, சாலையின் வெப்பநிலை. இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கலாம். தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பாலங்கள் இன்னும் மோசம்: மேலேயும் கீழேயும் காற்று ஓடுவதாலும், மண்ணின் வெப்பம் கிடைக்காததாலும், மற்ற சாலைக்கு முன்பே உறைந்துவிடும். இதற்காகச் சாலையிலேயே உணரிகளைப் பதித்திருக்கிறார்கள். லாரியில் அகச்சிவப்பு வெப்பமானி வைத்து ஓடும்போதே தரையை அளப்பதும் உண்டு. சாலையெங்கும் தெளிக்காமல் பாலங்களுக்கு மட்டும் தெளித்துவிட்டு வரும் இரவுகளும் இருக்கின்றன.

குளிர் ரொம்பக் கடுமையானால் வேறு உப்புகள் துணைக்கு வருகின்றன. மெக்னீசியம் குளோரைடு கரைசல் அதிகபட்சம் மைனஸ் 33 வரையும், கால்சியம் குளோரைடு மைனஸ் 51 வரையும் உறையாமல் தாங்கும். விலை அதிகம் என்பதால் சாதாரண உப்புநீரில் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கின் சாற்றைக் கலப்பவர்களும் உண்டு. அது கரைசலைச் சாலையில் பிடித்துவைக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகளில் மீந்த உப்புநீரையே சில இடங்களில் சாலைக்கு அனுப்பினார்கள். எப்படியும் கொட்டப்போகிற நீர்தானே! விமான நிலையங்களில் மட்டும் குளோரைடுகளை ஓடுபாதையில் விடுவதில்லை. விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும். அங்கே பொட்டாசியம் அசிட்டேட் போன்றவை.

உப்பு எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை என்பதுதான் பதில். குளோரைடு மக்காது, ஆவியாகாது. பனி உருகியதும் ஓடைக்கு, ஏரிக்கு, நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 19 லிட்டர் நன்னீரை நீர்வாழ் உயிர்களுக்குக் கேடான அளவுக்கு மாற்றிவிடும் என்று மின்னசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டுத் துறை நீண்டகாலமாகச் சொல்லிவருகிறது. சேர்ந்த உப்பை ஏரியிலிருந்து பிரித்தெடுக்க நடைமுறைக்கு ஒத்துவரும் வழியும் இல்லை. கான்கிரீட் பாலங்களுக்குள் இறங்கும் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு உப்பி, கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது.

உப்புநீர் முறையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதமே இதிலிருந்துதான் வருகிறது. ஒட்டாமல் தடுத்தால் மொத்த உப்பு குறைகிறது. தெறித்து வீணாவதும் குறைகிறது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் லாரி புதிது, பழக்கம் பழையது என்றால் பயனில்லை. உப்புநீரையும் தெளித்து, பயத்தில் பழைய அளவுக்குக் கல்லுப்பையும் கொட்டினால் ஏரிக்குப் போகும் உப்பு கூடத்தான் செய்யும்.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. கனடாவின் ஜாஸ்பர் பகுதியில் மூஸ் என்ற பெரிய காட்டு மான்கள் உப்பு ருசிக்காக வண்டிகளை நக்க வந்துவிடுகின்றன. 2020-இல் அங்கே, மூஸை உங்கள் காரை நக்க விடாதீர்கள் என்று சாலையோரத்தில் அறிவிப்புப் பலகையே வைத்தார்கள்.

மூஸ் இல்லாத ஊரிலும் வண்டியைக் கவனிக்க வேண்டியிருக்கும். உப்புநீர் திரவம் என்பதால் கல்லுப்பு எட்டாத இடுக்குகளுக்குள்ளும் போய்விடும். 0 டிகிரிக்கு மேலே வெப்பம் ஏறும் நாளாகப் பார்த்து, வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். சாலையில் அந்த லாரி முன்னால் போனால் ஒட்டி ஓட்டாமல் நன்றாகப் பின்தங்கியே போங்கள். கண்ணாடியில் தெறிக்கும் உப்புநீர் காய்ந்தால் எதிரே ஒன்றும் தெரியாது.